மால்டாவில் கப்பல் ஒரு நாள் மட்டும் நிற்கிறது. சுற்றுலாப் பேருந்தில் சேர்வதா, நாங்களாகவே சுற்றுவதா?

காலை எட்டு மணிக்கு மால்டாவில் இறங்கி மாலை ஆறு மணிக்குள் கப்பல் புறப்பட்டுவிடும் என்றும், முதிய பெற்றோருடன் செல்வதால் கப்பலிலேயே விற்கும் பேருந்துச் சுற்றுலாவை வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம், தலைநகர் வலெட்டாவை விட்டு வெளியே போகாமல் நீங்களாகவே சுற்றுங்கள் என்பதே என் பதில். ரோமைப் பார்ப்பதற்காகச் சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் நகரத்தை எட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டும். வலெட்டாவிலோ கப்பல் நகரத்தின் கோட்டைச் சுவருக்குக் கீழேயே வந்து நிற்கிறது. இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களுடன் உணவு மேசையில் அமர்ந்த ஒரு குடும்பத்தினர் அரை நாளில் மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றிரவு கைப்பேசியில் இருந்த படங்களில் எது எந்த ஊர் என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது.

நான் என் அம்மாவுடன் ஒரு செப்டம்பர் மாதத்தில் சென்றேன். அவருக்கு முழங்கால் வலி உண்டு. நகரமோ ஒரு குன்றின் மேல் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் கரையோரமாக நடந்தால், 2012-இல் திறக்கப்பட்ட 58 மீட்டர் உயர மின்தூக்கி ஒன்று உங்களை நேராக மேல் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து பெருந்துறைமுகம் முழுவதும் தெரியும். எதிர்க்கரையில் தெரியும் பிர்கு என்னும் ஊரும் அதன் முனையில் உள்ள புனித ஆஞ்செலோ கோட்டையும் வலெட்டாவைவிட மூத்தவை. ரோட்ஸ் தீவை ஒட்டோமானியரிடம் இழந்த புனித யோவான் சபையின் வீரத்துறவிகளுக்கு 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தபோது, அவர்கள் முதலில் குடியேறியது அந்தக் கரையில்தான். 1565-இல் ஒட்டோமானியரின் பெரும் முற்றுகையைத் தாங்கி நின்ற பிறகே, சபைத் தலைவர் ழான் டி லா வலெட் இந்தக் குன்றின் மேல் புதிய நகரத்துக்கு 1566-இல் அடிக்கல் நாட்டினார். தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக இருப்பதற்கு, திட்டமிட்டுக் கட்டிய கோட்டை நகரம் என்பதே காரணம்.

நேரத்தில் பெரும்பகுதியைப் புனித யோவான் இணைப்பேராலயத்துக்கு ஒதுக்குங்கள். ஜிரோலாமோ கசார் வடிவமைத்து 1577-இல் முடிந்த இந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ படைக்கொட்டில் என்றுதான் தோன்றும். நானும் இதற்கா இவ்வளவு நீண்ட வரிசை என்று நினைத்தேன். உள்ளே நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டார். காலடியில் ஏறத்தாழ நானூறு வண்ணப் பளிங்குக் கல்லறைப் பலகைகள், எலும்புக்கூடுகளும் குலச்சின்னங்களுமாக, தரை முழுவதையும் மூடியிருக்கின்றன. குதிகால் கூரிய காலணிகளை அணிந்து செல்ல அங்கே அனுமதியில்லை என்பதற்கான காரணம் அப்போதுதான் புரிந்தது. மேலே, வளைந்த கூரை முழுவதும் மத்தியா பிரேத்தி 1660-களில் தீட்டிய ஓவியங்கள்.

பக்கத்து வழிபாட்டுக் கூடத்தில் இருக்கும் இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் ‘திருமுழுக்கு யோவானின் தலை கொய்யப்படுதல்’ ஓவியத்தின் முன் குறைந்தது அரை மணி நேரமாவது இருங்கள். 1608-இல் வரையப்பட்ட இது, அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம். அந்தக் கையெழுத்தையும் அவர் யோவானின் கழுத்திலிருந்து வழியும் குருதியில் எழுதியிருக்கிறார். ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி வந்த அவரை அதே ஆண்டில் சபை வீரராகச் சேர்த்துக்கொண்டது. சில மாதங்களில் ஒரு கைகலப்புக்காகச் சிறையிட்டது. அவர் தப்பியோடிய பின், அவர் வரைந்த இந்த ஓவியம் இருந்த அதே கூடத்தில் கூடி அவரை விலக்கியும் வைத்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு பார்க்கும்போது படத்தின் வலப்பக்கம் இருளாக விடப்பட்ட அந்தப் பெரிய வெற்றிடம் வேறுவிதமாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பேராலயம் திறந்திருப்பதில்லை. உங்கள் கப்பல் அன்று வருவதாக இருந்தால் மட்டும் படகேறி பிர்குவுக்குப் போய்விடுங்கள், கடக்கச் சில நிமிடங்களே ஆகும்.

உணவுக்குப் பெரிதாகத் தேட வேண்டியதில்லை. பஸ்திட்சி என்னும் மொறுமொறுப்பான அடுக்குப் பண்டம் தெருவோரக் கடைகளில் கிடைக்கும். ரிக்கோட்டா பாலாடை வைத்தது ஒன்று, பட்டாணி வைத்தது ஒன்று. எங்கள் சமோசாவுக்கு உறவு என்று அம்மா பட்டாணியைத் தேர்ந்தெடுத்தார். கடையில் பேசும் மொழியையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: அரபு மரபில் பிறந்து, இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி அது. கத்தோலிக்கரான அந்த மக்கள் கடவுளை ‘அல்லா’ என்றும் தவக்காலத்தை, ரமலானை நினைவூட்டும் ‘ரண்டான்’ என்றும் அழைக்கிறார்கள்.

பழைய தலைநகரான ம்தினாவும், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த வரலாற்றுக்கு முந்தைய நிலத்தடி இடுகாடான ஹைபோஜியமும் விட்டுப்போகுமே என்றால், போகத்தான் செய்யும். ஹைபோஜியத்துக்குள் ஒரு நாளைக்கு மிகச் சிலரையே விடுகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்யாமல் போய் நிற்பதில் பயனில்லை.

சொந்தமாகச் சுற்றுகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் மேல் பராக்கா தோட்டத்திலிருந்து பார்த்தால் உங்கள் கப்பல் கீழேயே நிற்பது தெரியும். தோட்டத்துக்குக் கீழுள்ள பீரங்கி மேடையில் நண்பகல் பன்னிரண்டுக்கும் மாலை நான்குக்கும் வெடி முழங்கும். முற்காலத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டது நண்பகல் வெடியை வைத்துத்தான். பேராலயத்துக்குள் இருந்ததால் நாங்கள் அதைத் தவறவிட்டோம். நான்கு மணி வெடியைத் தோட்டத்து இருக்கையில் அமர்ந்து கேட்டுவிட்டு மின்தூக்கியில் இறங்கினோம். கப்பலேற வேண்டிய நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மீதமிருந்தது.