போஜொலே எந்த ஊர் ஒயின்?

கேள்வி: பிரான்சின் லியோன் நகரில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, சாப்பாட்டோடு போஜொலே என்ற லேசான சிவப்பு ஒயின் கொடுத்தார்கள். கடையில் அதைப் பர்கண்டி ஒயின் வரிசையில் பார்த்தேன். அது பர்கண்டியைச் சேர்ந்ததா? நவம்பரில் மட்டும்தான் கிடைக்குமாமே? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: லியோனில் ஒரு உணவகச் சமையலறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அடிப்பக்கம் கனத்த 46 சென்டிலிட்டர் குப்பியில் மேசைக்கு மேசை போனது இந்த ஒயின்தான். அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் பதில் சொல்கிறேன்.

போஜொலே ஒரு வட்டாரம். லியோனுக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே உள்ள மலைச்சரிவுகள். போஜூ என்ற சிற்றூரின் பிரபுக்கள் ஆண்டதால் வந்த பெயர். ஒயின் வியாபாரிகள் வடக்கே அடுத்துள்ள பர்கண்டி வட்டாரத்தோடு சேர்ப்பது பழைய வழக்கம். நிலத்தின் பெரும்பகுதி இருப்பதோ பர்கண்டிக்கு வெளியே, ரோன் மாவட்டத்தில். என்னைக் கேட்டால் தனி வட்டாரம் என்றே சொல்வேன். மண்ணும் வேறு, திராட்சையும் வேறு.

அந்தத் திராட்சை கமே. பர்கண்டிப் பிரபு பிலிப் 1395-இல் அதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அதிகம் காய்க்கும், தரம் போதாது என்பது குற்றச்சாட்டு. அவருடைய ஆட்சிக்கு வெளியே இருந்த இந்தச் சரிவுகளில்தான் கமே நிலைத்தது. வடபகுதியில் கிரானைட் பாறை பொடிந்த மண். ஃப்ளூரி கிராமத்தில் அது இளஞ்சிவப்பாகவே இருக்கும். சத்துக் குறைந்த அந்த மண், அளவு மீறிக் காய்க்கும் கமேயை அடக்கிவைக்கிறது. பழைய தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. முழங்கால் உயரத்துக்குக் குத்துச்செடி போல நிற்கும். பறிப்பவர் முதுகை வளைத்துத்தான் பறிக்க வேண்டும்.

பறிப்பதும் பெரும்பாலும் கையால்தான், கொத்துக் கொத்தாக. பழம் உடையக் கூடாது. தொட்டிக்குள் அடியில் இருப்பவை பாரத்தில் நசுங்கி நொதிக்கும். அதில் எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்ப, மேலே உள்ள முழுப் பழங்களுக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடும். தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காது. நீங்கள் குடித்தது லேசாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

நவம்பர் கதைக்கு வருவோம். அறுவடையான சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளியாகும் 'நூவோ' என்ற புது ஒயின் அது. 1985 முதல் அந்த நாள்தான். நல்ல கொண்டாட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து போஜொலேயை எடைபோடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். வடக்கே பத்துக் கிராமப்பகுதிகளின் ஒயின், தனித்தனியாக அந்தந்தப் பெயரிலேயே விற்கும். மொர்கோன், முலன்-ஆ-வோன் போன்றவை நல்ல விளைச்சல் ஆண்டில் பத்து ஆண்டுகூடத் தாங்கும்.

இந்தப் பத்தின் லேபிளில் பெரும்பாலும் போஜொலே என்ற பெயரே பெரிதாக இருக்காது. அடுத்த முறை போகும்போது மொர்கோன் என்றே கேளுங்கள். குடிப்பதற்குச் சற்று முன்புவரை குளிர்பெட்டியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். 14 டிகிரி அளவில் அதன் வாசம் நன்றாக எழும்.