ஓவர்டிரைவா, டிஸ்டார்ஷனா, ஃபஸ்ஸா? முதலில் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவிலும் ஊர்த் திருவிழா மெல்லிசையிலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதும் பெடல் வாங்க 6,000 ரூபாய் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் மூன்றில் ஒன்றுதான் முடியும். வீடியோவில் கேட்டால் மூன்றுமே நன்றாக இருக்கின்றன. எதை வாங்கலாம் அண்ணே?
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: ஓவர்டிரைவ் வாங்குங்கள் தம்பி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வேறொன்றை எடுத்துக் கையில் கொடுத்தால் நீங்கள் தடுமாறக் கூடாது.

பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவில் வைத்துக் காலால் அழுத்துகிற சிறு பெட்டி. மூன்று பெடலும் செய்கிற வேலை ஒன்றுதான். கிட்டாரிலிருந்து வரும் சிக்னலைப் பெரிதாக்கி, ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் அலையின் தலையை வெட்டுகின்றன. எப்படி வெட்டுகின்றன என்பதில்தான் வித்தியாசம். ஓவர்டிரைவ் தலையை வழித்து உருட்டிவிடும். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் கேட்கும். ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர், 1981இல் வந்த பாஸ் எஸ்டி-1 எல்லாம் இந்த வகை. டிஸ்டார்ஷன் நேராக வெட்டும். மெதுவாக வாசித்தாலும் அழுத்தி வாசித்தாலும் ஏறக்குறைய ஒரே முரட்டுத்தனம். பாஸ் டிஎஸ்-1, ப்ரோகோ ராட் இரண்டும் 1978 முதல் இந்தப் பக்கத்தில் நிற்பவை. ஃபஸ் அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாகவே ஆக்கிவிடும். ஒற்றை நரம்பில் இழுத்து வாசிக்கும்போது அது தரும் கனம் வேறு எதிலும் வராது.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். ஆலயத்தில் முழு கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து, வாசிக்கிறீர்கள். ஒரு சி மேஜர் எடுத்தால் சி, இ, ஜி மூன்று சுரமும் ஒரே நேரத்தில் பெடலுக்குள் போகின்றன. பலமாக வெட்டும்போது அவை ஒன்றோடொன்று கலந்து, நீங்கள் வாசிக்காத புதிய சுரங்களை உண்டாக்கும். இ அங்கே இருக்கிறதா என்றே தெரியாமல் சேறாகிவிடும். ராக் வாசிப்பவர்கள் நடுச் சுரத்தை விட்டுவிட்டு முதல் சுரத்தையும் ஐந்தாவதையும் மட்டும் பிடிப்பது இதனால்தான். பாடலுக்குப் பின்னால் கார்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் டிரைவ் (கரகரப்பின் அளவு) குறைவாக வைத்த ஓவர்டிரைவ்தான் சரி. ட்யூப் ஸ்க்ரீமர் வகைக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அடிச் சத்தத்தைக் குறைத்து நடுப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். கீபோர்டும் பேஸ் கிட்டாரும் ரிதம் பேடும் நிறைத்து வைத்திருக்கிற மேடையில் கிட்டார் வெளியே வருவது அந்த நடுப் பகுதியால்தான். பிக் மஃப் ஃபஸ் இதற்கு நேர் எதிர், நடுவைக் குழித்துவிடும். வீட்டில் தனியாகக் கேட்டால் பிரமாண்டமாக இருக்கும், குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போகும். வீடியோவில் மூன்றும் நன்றாகக் கேட்பதற்குக் காரணம், அங்கே கிட்டார் மட்டும் தனியாக ஒலிப்பதுதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் வயர் எங்கே போய் முடிகிறது? நம் பக்கத்துத் திருவிழாக்களில் மேடையில் கிட்டார் ஆம்ப் இருப்பது அபூர்வம். ரேடியோ செட்காரர் ஒரு வயரைக் கொடுப்பார், அது நேராக எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸருக்குப் போகும். கிட்டார் ஆம்பில் இருக்கிற ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாகக் கொடுக்காது. பெடல் உண்டாக்கும் கூர்மையான குப்பையை அது தானாகவே வடிகட்டிவிடுகிறது. மிக்ஸர் வழியாகப் பெரிய பாக்ஸுக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் போனால் வடிகட்ட ஆள் இல்லை. டிஸ்டார்ஷனும் ஃபஸ்ஸும் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி கேட்கும். பெடலைக் குறை சொல்லிப் பயன் இல்லை, அது ஆம்பை நம்பிச் செய்யப்பட்ட பொருள்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. வீட்டில் பயிற்சிக்கு 10 அல்லது 15 வாட் ஆம்ப் வைத்திருப்பீர்கள். அதை மேடைக்குக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் வையுங்கள். ரேடியோ செட்காரரிடம் பாடுகிற மைக் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கர் துணியிலிருந்து ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துங்கள். கூம்பின் நட்டநடுவுக்கு நேராக வைத்தால் சத்தம் குத்தும், விளிம்புக்குப் போனால் மங்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பாக்ஸில் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிறுத்தினால் போதும். ஆம்ப் கொண்டுபோகவே முடியாது என்றால், ஆம்ப்-ஸ்பீக்கர் சத்தத்தைப் போலச் செய்யும் வசதி உள்ள ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி பல பெடல்களின் வேலையை ஒன்றாகச் செய்யும் ஒரு சிறிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். அதற்குள் ஓவர்டிரைவும் இருக்கும்.

கடையில் சோதிக்கும்போது டிரைவ் குமிழை 9 மணி நிலையில் வைத்து உங்கள் கிட்டாரிலேயே முழு கார்டு வாசியுங்கள். மூன்று சுரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். அப்புறம் கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். கரகரப்பு விலகிச் சுத்தமானால் நல்ல பெடல். பெரிங்கர் டிஓ800, ஜோயோ விண்டேஜ் ஓவர்டிரைவ் இரண்டும் ட்யூப் ஸ்க்ரீமரை ஒட்டிச் செய்த மலிவான பெடல்கள். உங்கள் தேவைக்குத் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரை மேடையில் ஈர மணல் மேல் நின்று கிட்டார் நரம்பைத் தொட்டபடி மைக்கில் வாயை வைப்பீர்கள். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு ரெண்டு பின்னில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. எர்த் இல்லாத லைன் என்றால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சங்கடம் பார்க்காதீர்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ் பெடலை விற்கிறார். காலையில் வாசித்துப் பார்த்தேன், அருமை. மதியம் மொட்டை மாடியில் வைத்து வாசித்தால் திக்கித் திணறுகிறது. பழுதா?
(மண்டபம் வாசகர்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஜெர்மானியத்தின் சுபாவமே அதுதான். சூடு ஏற ஏற அந்த டிரான்சிஸ்டரில் கசியும் மின்சாரம் கூடும், உள்ளே வைத்த அளவெல்லாம் நகர்ந்துவிடும். சுரம் பாதியில் அறுந்துபோவது அதனால்தான். பெடலை நிழலில் ஆறவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். பழையபடி ஒலித்தால் பெடல் நல்லது, நம் வெயிலுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் முதலில் ஜெர்மானியத்தில்தான் வந்தது, பிறகு சிலிக்கானுக்கு மாறியது. சிலிக்கானில் சத்தம் கொஞ்சம் கூர்மை, ஆனால் வெயிலில் நிலையாக நிற்கும். பகல் நிகழ்ச்சி வாசிப்பவர் என்றால் சிலிக்கான் ஃபஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் மட்டும் வாசிக்க, விலையும் நியாயம் என்றால் இதையே எடுக்கலாம். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். பழைய ஜெர்மானியம் பெடல்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த், மற்ற பெடல்களில் பெரும்பாலும் மைனஸ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட் ஆகிவிடும், தனி பேட்டரி போடுங்கள். இன்னொன்று, இந்த வகை ஃபஸ் கிட்டாருக்கு அடுத்து முதலாவதாக நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு பெடல் வந்தால் கிட்டார் வால்யூமைக் குறைத்துச் சத்தத்தைச் சுத்தமாக்கும் அழகு போய்விடும்.

ஃபஸ் பெடல் பிறந்த கதையும் மிக்ஸரோடு தொடர்புள்ளதுதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மிக்ஸரின் ஒரு பகுதி பழுதாகி, பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவானது. அந்தச் சத்தம் பிடித்துப்போய், அதை வேண்டும்போது வரவழைக்கச் செய்த பெட்டிதான் 1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்.

கேள்வி: மெட்டல் இசைதான் வாசிக்கிறேன். வீட்டில் சின்ன ஆம்ப். ஓவர்டிரைவ் போதுமா?
(தொண்டி வாசகர்)

பதில்: போதாது, டிஸ்டார்ஷன் வாங்குங்கள். கெயினை (கரகரப்பின் அளவைக் கூட்டும் குமிழ்) முக்கால் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். சீரியல் லைட் எரிகிற இடத்தில் சிங்கிள் காயில் பிக்கப் (நரம்பின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாரில் அந்த இரைச்சல் தாங்காது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பெடல் முதல் நாளே வேலை செய்யவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பவர். என்ன செய்யலாம் ஐயா?
(ராமநாதபுரம் வாசகர்)

பதில்: முதலில் நீங்களே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த அடாப்டரை மாட்டினீர்கள்? பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், பின்னின் நடுவில் மைனஸ். யமஹா கீபோர்டு அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும், அதனால்தான் பல பெடல்கள் இப்படிச் செத்துப்போகின்றன. அப்படி நடந்திருந்தால் விற்பவர் மேல் தவறு இல்லை. பேட்டரி போடும் இடம் இருந்தால் புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். கிட்டார் வயர் இன்புட்டில் இருந்தால்தான் பெரும்பாலான பெடல்கள் உயிர் பெறும், அதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பெடல் வேலை செய்யவில்லை என்றால், விற்பவர் சொல்வது செல்லாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. பிரிக்காமல் குறை எப்படித் தெரியும்? தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், பெட்டி, பெடல் வேலை செய்யாததைக் காட்டும் வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) அங்கேயே டிஸ்டார்ஷன் பெடல் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே வாங்குவது நல்லதா, அங்கேயா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: பெடலில் வித்தியாசம் இல்லை. அடாப்டரும் வேலை செய்யும், அங்கேயும் வோல்டேஜ் நம்மைப் போலத்தான்; பிளக் மட்டும் சதுர மூன்று பின், அதற்கு ஒரு கன்வர்ட்டர் வேண்டும். வாரண்டிதான் பிரச்சினை. பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் அது செல்லும். பழுதானால் மறுபடி காக்காவிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். இங்கே வாங்கினால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெட்டி என்றால் இங்கே வாங்கியும் வாரண்டி கிடைக்காமல் போகலாம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் இங்கேயே பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு வருடப் பெடல். வயரை அசைத்தால் கரகரவென்கிறது, சில சமயம் சத்தமே நின்றுவிடுகிறது. மாற்றிவிடலாமா?
(பாம்பன் வாசகர்)

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் ஊரின் உப்புக் கடல் காற்று செய்கிற வேலை இது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தையே 2022 டிசம்பரில் ரயில் போக முடியாதபடி செய்த காற்று அது. பெடலின் ஜாக் (வயர் சொருகும் துளை) எம்மாத்திரம்? வயரை அசைக்கும்போது மட்டும் சத்தம் போகிறது என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் நன்றாக இருக்கிறது, ஜாக்கில் உப்புப் படிந்திருக்கிறது. முதலில் வேறு வயர் போட்டுப் பாருங்கள். அப்படியும் வந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கேட்டு வாங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஜாக்குக்குள் கொஞ்சம் அடித்து, பிளக்கைப் பலமுறை சொருகி எடுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அதன் அடியிலும் அடித்து முழுக்கத் திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், அதில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

வாசிக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜாக்கின் தகடே அரித்துப் போயிருந்தால் ரேடியோ, ஆம்ப் பழுதுபார்க்கும் கடையில் புது ஜாக் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். புதுப் பெடல் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.