டிவைஸ் டிரைவர்களில் தேவையற்ற லாக் செய்திகளை ஏன் குறைக்கிறார்கள்?

டிரைவர் என்பது வைஃபை, யூஎஸ்பி போன்ற சாதனங்களை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரல். தன் நிலையைப் பற்றி அது எழுதிவைக்கும் குறிப்புதான் லாக். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இந்தக் குறிப்புகள் அளவு வரம்புள்ள நினைவகப் பகுதியில் சேரும். அது நிறைந்ததும் பழையவை அழிந்து புதியவை ஏறும். எல்லா டிரைவரும் "நல்லபடியாகத் தொடங்கிவிட்டேன்" என்று எழுதிக்கொண்டே இருந்தால், முக்கியமான பிழைச் செய்தி அதில் அடித்துக்கொண்டு போய்விடும்.

நம் எம்ஆர்டி ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும் "பிரேக் சரியாக இருக்கிறது, விளக்கு எரிகிறது" என்று நான்கு மொழிகளிலும் அறிவித்தால் என்ன ஆகும்? சேவை தாமதம் என்று நிஜமாகவே சொல்லும்போது யாரும் காது கொடுக்க மாட்டோம்.

அப்புறம் வேகம். செய்திகளைக் கம்பி வழியே எழுத்தெழுத்தாக அனுப்பும் சீரியல் கன்சோலில், வினாடிக்கு 115200 பிட் (115200 பாட்) வேகத்தில், 80 எழுத்து வரி ஒன்று போக ஏறக்குறைய 7 மில்லிவினாடி ஆகும். நூற்றுக்கணக்கான வரிகள் என்றால் கணினி பூட் ஆகித் தொடங்குவதே தாமதமாகும். இரட்டைச் செய்திகள் இன்னும் மோசம்: நினைவகம் ஒதுக்க முடியாதபோது பொதுவாகக் கெர்னலே எச்சரிக்கை எழுதிவிடும், டிரைவரும் அதையே எழுதுவது வீண். முதலில் நீக்க வேண்டியது இவற்றைத்தான் என்பேன்.

செய்தியைக் குறைத்தால் கோளாறை மறைப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பிழைச் செய்திகள் அப்படியே இருக்கும், மற்றவை பிழை தேடும்போது மட்டும் காட்டும் டீபக் நிலைக்குப் போகும், டைனமிக் டீபக் வசதி உள்ள கெர்னலில் வேண்டும்போது அவற்றை மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.