ஓங்கிலும் ஆவுளியாவும்: வாசகர் கேள்வி – பதில்

ஓங்கில் எனப்படும் டால்பின்கள், ஆவுளியா எனப்படும் கடற்பசு, ஆமை ஆகியவற்றைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கீழக்கரை வாசகர்: வலை போடப் போகும்போது ஓங்கில் கூட்டத்தை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் அவை அழிந்து வருவதாகப் பத்திரிகையில் படிக்கிறோம். தண்ணீருக்குள் திரியும் உயிரை எப்படி எண்ணுகிறார்கள்? எங்கள் கண்ணைவிட அந்தக் கணக்கு சரியானதா?

நீங்கள் பார்ப்பதும் உண்மை, நீங்கள் படிப்பதும் உண்மை. ஓங்கில்களில் பல இனங்கள் உண்டு. ஆழமான பகுதியில் பெருங்கூட்டமாகத் துள்ளிச் சுழன்று விழும் டால்பின்களின் நிலை வேறு. கரையை விட்டு அதிக தூரம் போகாமல் ஆற்று முகங்களிலும் ஆழம் குறைந்த நீரிலும் சிறு கூட்டமாக இரை தேடும் கூன்முதுகு டால்பினின் நிலை வேறு. முதுகுத் துடுப்புக்குக் கீழே மேடு கட்டியிருப்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். இந்தியப் பெருங்கடலின் கூன்முதுகு டால்பினை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) 2017இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. வலை, துறைமுகம், கழிவுநீர், படகுப் போக்குவரத்து என்று மனிதரால் வரும் தொல்லைகள் அத்தனையும் குவிந்திருக்கும் அதே குறுகிய பட்டையில்தான் அதன் வாழ்வும் நடக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

எண்ணும் முறைக்கு வருவோம். கடலில் முன்கூட்டியே வகுத்த நேர்கோடுகளின் வழியே படகைச் சீரான வேகத்தில் செலுத்தி, இருபுறமும் ஆட்களை நிறுத்தி, ஒவ்வொரு கூட்டமும் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில், எத்தனை உருப்படிகளுடன் தெரிந்தது என்று குறித்துக்கொள்வார்கள். கோட்டிலிருந்து விலக விலகக் கண்ணுக்குத் தப்பும் விலங்குகள் கூடும் என்பதால், தப்பிய பங்கு எவ்வளவு என்பதைக் கணிதத்தால் மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். இன்னொரு முறை புகைப்படம். ஓங்கிலின் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் வெட்டும் கீறலும் பிசிறும் வயதோடு சேர்ந்துகொண்டே போகும். ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இருக்காது. பின்விளிம்பில் இரண்டு பல் போன்ற வெட்டுடன் ஒரு துடுப்பை இந்த ஆண்டு படமெடுத்து, அடுத்த ஆண்டு அதே வெட்டு வேறொரு இடத்தில் படத்தில் விழுந்தால், அது எவ்வளவு தூரம் திரிகிறது, யாரோடு சேர்ந்து போகிறது, உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அதைத் தொடாமலே தெரிந்துவிடும். பழைய முகங்கள் எத்தனை, புதியவை எத்தனை என்ற விகிதத்திலிருந்து மொத்தத் தொகையையும் கணிக்கலாம்.

உங்கள் கண்ணுக்கு இதில் இடமில்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஆய்வுப் படகு ஆண்டில் சில வாரங்கள்தான் கடலில் இருக்கும். நீங்கள் ஆண்டு முழுவதும் இருக்கிறீர்கள். எந்த மாதத்தில் எந்தப் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) பக்கம் குட்டியோடு வருகிறது என்ற செய்தி மீனவரிடமிருந்து வந்த பிறகே பல இடங்களில் கோடுகளே வகுக்கப்படுகின்றன. ஆனால் தினமும் பத்தைப் பார்ப்பவருக்கு அது நூறில் பத்தா, அதே பத்து திரும்பத் திரும்ப வருகிறதா என்று சொல்ல முடியாது. துடுப்புப் படம் தீர்த்து வைப்பது அந்த ஒரு சந்தேகத்தைத்தான்.

பேராவூரணி கல்லூரி மாணவி: எங்கள் பகுதிக் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே மீன்பிடிக்கத் தடை வருமா? ஏன் இந்த இடம்?

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே. இது தேசியப் பூங்கா அன்று. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி நுழைவதற்கே கட்டுப்பாடு உண்டு. பாதுகாப்பகம் என்பது வனவுயிர்ச் சட்டத்தின் வேறொரு பிரிவின்கீழ், அப்பகுதி மக்களைக் கலந்து, அவர்களின் பிரதிநிதிகளும் இடம்பெறும் ஒரு குழுவின் ஆலோசனையோடு நடத்தப்பட வேண்டியது. அறிவிப்பு ஒன்றாலேயே வழக்கமான மீன்பிடிப்பு நின்றுவிடாது. அந்தக் குழுவில் மீனவர் பேச்சு எடுபடுகிறதா, அல்லது கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்களா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாதுகாப்பகம் பலிப்பதும் பலிக்காததும் அங்கேதான் முடிவாகும்.

ஏன் இந்த இடம் என்றால், புல். பாக் விரிகுடா பெரும்பாலும் பத்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள, அலை அடங்கிய கடல். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் செழித்து வளர்கிறது. கடலில் மட்டுமே வாழும் பாலூட்டிகளில் முழுக்கத் தாவரம் தின்று வாழ்வது ஆவுளியா என்று உங்கள் பக்கத்தில் அழைக்கப்படும் இந்தக் கடற்பசு மட்டுமே. வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்னும். தடித்த மேலுதட்டால் மணலைக் கிளறி வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே முன்னேறுவதால், அது போன வழி புல்வெளியின் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வளைந்து வளைந்து வெறும் மணலாகத் தெரியும். கலங்கிய நீரில் விலங்கைக் காண்பது அரிது. இந்தத் தடத்தைக் காண்பது எளிது. முக்குளித்துப் போய்ப் புதுத் தடம் எத்தனை என்று எண்ணுவதே இங்கே ஆய்வின் பெரும்பகுதி. இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சுமார் 240 என்று அரசின் அறிவிப்பு சொல்கிறது; அவற்றில் பெரும்பாலானவை பாக் விரிகுடாவில் இருக்கின்றன.

இந்தத் தொகையை அதன் பிறப்பு வேகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே குட்டி ஈனும்; அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். ஒரு தாய் திருக்கை வலையில் சிக்கி மூச்சடைத்து இறந்தால், அந்த இழப்பைக் கடல் ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். கரைக்கு அருகே இழுவை மடி (விசைப்படகு இழுத்துச் செல்லும் பை வலை) இழுத்துப் புல்லை அரித்துவிட்டால், சாகாமல் மீந்தவையும் பட்டினியால் இடம் பெயரும்.

உடன்குடி வாசகர்: 2016இல் எங்கள் கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது இழுத்துத் தள்ளினோம். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன. ஏன்?

2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பகுதிகளில் ஒதுங்கியவை பைலட் திமிங்கலங்கள். பெயரில் திமிங்கலமாக இருந்தாலும் அவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறக்குறைய நூறு ஒதுங்கியதில் 45 இறந்தன. இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கின்றன.

ஆழ்கடலில் கணவாய் தின்று வாழும் இவை, தாய்வழி உறவில் கட்டுண்ட கூட்டமாகத் திரிபவை. முன்னே போவது நோயுற்றோ வழிதவறியோ ஆழம் குறைந்த இடத்துக்குள் வந்துவிட்டால், மற்றவை அதைவிட்டுப் பிரிவதில்லை. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு வழி அறியும் விலங்குக்கு, மெல்லச் சரியும் மணற்கரை சுவராகத் தென்படாது என்பது இன்னொரு கருத்து. 2016 நிகழ்வுக்கு இதுதான் காரணம் என்று அறிவியல் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்ததற்கு விளக்கம் உண்டு: கரையில் கிடந்த உறவுகள் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, தள்ளிவிடப்பட்டவை மட்டும் தனியே போகமாட்டா. ஆகவே முடிந்தவரை பலவற்றை ஆழமான நீரில் ஒன்றாகப் பிடித்து நிறுத்தி, தடுமாற்றம் தீர்ந்தபின் ஒரே நேரத்தில் விடுவதே முறை.

இன்னொரு முறை நேர்ந்தால், முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வயிறு கீழிருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிவிடுங்கள். ஈரத்துணி போர்த்தி நீர் ஊற்றுங்கள், ஆனால் தலைமேல் உள்ள மூச்சுத் துளையை மூடாதீர்கள், அதற்குள் நீர் போகவும் விடாதீர்கள். வாலில் கயிறு கட்டி இழுப்பதுதான் அன்பால் செய்யப்படும் மிகப் பெரிய கொடுமை, முதுகெலும்பு முறிந்துவிடும். செல்பேசியில் படமெடுக்கச் சூழும் கூட்டத்தை விலக்கி வைப்பதும் மருத்துவத்தில் சேர்த்தி.

கோவை வாசகர்: வெளிநாட்டில் டால்பின் காட்சி பார்த்தோம். இந்தியாவில் ஏன் இல்லை?

2013 மே மாதம் மத்திய அரசு தடை விதித்துவிட்டது. அதற்கு முன், 1998இல் பல்கேரியாவிலிருந்து சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டவை சில மாதங்களிலேயே இறந்தன. இல்லாததற்கு வருந்த வேண்டியதில்லை.

நாகப்பட்டினம் வாசகி: என் கணவர் விசைப்படகில் போகிறவர். ஆமையோ ஓங்கிலோ வலையில் பட்டால் வழக்கு வருமோ என்று பயந்து யாரிடமும் சொல்வதில்லை. இறால் விலையும் அமெரிக்கத் தடையால் விழுந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் பிழைப்பையும் பார்க்க வேண்டாமா?

இந்த மாதக் கடிதங்களில் மிக முக்கியமானது உங்களுடையது என்று கருதுகிறேன். ஓங்கில், கடற்பசு, ஆமை மூன்றும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டியவை. வலையில் சிக்கினால் காயத்தால் சாவதைவிட மூச்சடைத்துச் சாவதே மிகுதி. இந்தியப் பெருங்கடலில் சூரை பிடிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கலங்களும் சிக்கியிருக்கும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வேட்டையாடும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே நிகழ்ந்த சாவுகள் இவை.

உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. இவ்வுயிர்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வேட்டைக்கு ஏழாண்டு வரை சிறை. தவறிச் சிக்கியதற்கும் வேண்டுமென்றே கொன்றதற்கும் உள்ள வேறுபாட்டைத் துறைமுகத்தில் நிற்கும் அலுவலர் எப்படிப் பார்ப்பார் என்ற சந்தேகத்திலேயே செத்த உடல் கடலில் தள்ளப்படுகிறது. அதனால் இழப்பு இரட்டிப்பாகிறது. கரைக்கு வந்த ஓர் உடலிலிருந்து எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம்: பல்லைக் குறுக்கே அறுத்து அடுக்குகளை எண்ணினால் வயது, வயிற்றைத் திறந்தால் கடைசி உணவு, துடுப்பின் விளிம்பிலும் வாயோரத்திலும் நூல் அறுத்த மெல்லிய கோடுகளும், வயிறு நிறைய அப்போதுதான் தின்ற மீனும் இருந்தால், நோயின்றி இருந்த விலங்கு வலையில் மாண்டது என்ற முடிவு. எந்த மாதம், எந்த வலை, எவ்வளவு ஆழம் என்று மீனவர் சொன்னால்தான், எங்கே எதை மாற்றினால் போதும் என்று தெரியும். தெரியாதபோது எல்லா வலைக்கும் எல்லா நாளும் தடை என்ற முரட்டு யோசனைதான் மேசையில் இருக்கும். எனவே தவறிச் சிக்கியதைத் தாமே வந்து சொல்பவர்மீது வழக்கில்லை என்று அரசு தெளிவாக எழுத்தில் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவித்தவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பணமும் தரத் தொடங்கிய பின், பாக் விரிகுடாவில் அத்தகைய செய்திகள் வெளிப்படையாக வருகின்றன. அஞ்சாமல் பேச இடம் கொடுத்தால் பேசுவார்கள் என்பதற்கு அது போதும்.

இறால் விவகாரம் இதோடு ஒட்டியதே. ஆமை தப்பும் கருவி பொருத்தாத மடிகளில் பிடித்த இந்தியக் கடல் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை பொருந்தாது. கடற்பாலூட்டிகளைக் காக்கும் தன் சட்டத்துக்கு நிகரான ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்நாடு 2026 ஜனவரியிலிருந்து மீன் இறக்குமதிக்கு விதித்திருக்கிறது. கருவி என்பது மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டகம். இறால் கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து பையில் விழும், ஆமை சட்டகத்தில் முட்டி மேலோ கீழோ உள்ள திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பெரிய மீனும் அதன் வழியே தப்பும் என்ற உங்கள் கணவரின் கணக்கும் முற்றிலும் தவறன்று. அந்த நட்டத்தைப் படகுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஆனால் 2025 ஜனவரியில் சென்னை, அதைச் சுற்றிய கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் செத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகு, கருவி வேண்டாம் என்று வாதிடுவது கடினம். ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவை மடி கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்தாலே பெரும்பகுதி குறையும்.

உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லி வையுங்கள். மடியில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்ததென்று எண்ணி உடனே கடலில் எறிய வேண்டாம். மயங்கிய ஆமை நீரில் மூழ்கியே சாகும். வயிறு கீழிருக்க, பின்பக்கம் ஒரு சாண் உயரமாக இருக்கும்படி எதன்மீதாவது சாய்த்து, நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தால் நுரையீரல் நீர் வடியும். சில மணி நேரத்திலும் தெளியலாம், ஒரு நாள்கூட ஆகலாம். துடுப்பை வலுவாக அசைக்கத் தொடங்கியதும், எஞ்சினை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கமாகத் தலை முன்னே இருக்கும்படி மெல்ல இறக்கிவிட வேண்டும்.