ரசீது இல்லாத செலவையும் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். 54 வயதான என் தாயார் தலைச்சுமையாக மீன் விற்பவர். நான்கு மாதங்களுக்கு முன்பு தவளக்குப்பத்தில் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தபோது, ஒரு சரக்கு வேன் மோதி வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. புதுச்சேரி போக்குவரத்துக் காவல்துறை ஓட்டுநர்மீது வழக்குப் பதிவு செய்துள்ளது. முதல் நாள் அரசு மருத்துவமனையிலும், பிறகு தனியார் மருத்துவமனையிலும் சேர்த்து பிளேட் வைத்தோம். நகையை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் 1,90,000 ரூபாய் வரை செலவழித்தோம்; ஆனால் பில்கள் 1,20,000 ரூபாய்க்குத்தான் இருக்கின்றன. ரசீது இல்லாததைக் கேட்க முடியாது என்றும், வழக்கைப் புதுச்சேரியில்தான் போட வேண்டும் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். வேன் உரிமையாளர் 10,000 ரூபாய் கொடுத்துவிட்டு, ‘இத்துடன் முடித்துக்கொண்டோம்’ என்று எழுதித் தரச் சொல்கிறார். துணிக்கடை வேலையை விட்டுவிட்டு நான்தான் தாயாரைப் பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்வது?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அந்தத் தாளில் தாயாரைக் கையெழுத்திட விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது அதுதான். வாங்கிய 10,000 ரூபாயை மறைக்கவும் வேண்டாம். மனுவிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காலம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நான்கு மாதங்கள் கழிந்துவிட்டன. எல்லாப் பில்களும் சேரட்டும், கால் முழுவதும் குணமாகட்டும் என்று காத்திருந்தால் மீதிக் காலமும் போய்விடும். கையில் இருக்கும் ஆவணங்களோடு மனுவைப் போட்டுவிட்டு, மற்றவற்றை விசாரணையின்போது கொடுக்கலாம். இதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை மனுதாரருக்கு உண்டு. ஆகவே கடலூரில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே நீங்கள் மனுச் செய்யலாம். காவல்துறை ஆவணங்களின் நகல்களுக்கு மட்டும் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்ட வேண்டியிருக்கும்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். ரசீது இல்லாத செலவைக் கேட்க முடியாது என்பது முழு உண்மை அல்ல. தீர்ப்பாயத்தின் விசாரணை சுருக்க முறையில் நடப்பது. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது எது என்று நீதிபதி ஏற்கும்படி காட்டினால் போதும். உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், காயமடைந்தவருக்கு எந்தெந்தத் தலைப்புகளில் இழப்பீடு வழங்க வேண்டும் என்று வகுத்துச் சொன்னபோது, சிகிச்சை, மருந்து ஆகியவற்றோடு போக்குவரத்து, ஊட்டமான உணவு, இதரச் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே சொன்னது. ஆட்டோக்காரர் பில் தருவதில்லை என்பதும், எலும்பு கூட வேண்டும் என்று வீட்டில் ஆட்டுக்கால் சூப்பு வைத்ததற்கு ரசீது கிடையாது என்பதும் நீதிமன்றம் அறியாத செய்திகள் அல்ல. இத்தலைப்புகளில் நியாயமான ஒரு தொகையை மதிப்பிட்டு வழங்குவதே வழக்கம். ஆனால் மருந்து, அறுவைச் சிகிச்சை, ஸ்கேன் ஆகியவற்றுக்கு அந்தத் தளர்வை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பில் கேட்பார்கள். தொலைந்த பில்லுக்கு மருத்துவமனையின் கணக்குப் பிரிவிலும் மருந்துக் கடையிலும் நகல் கேட்டால், கணினியில் பதிவு இருக்கும்வரை பெரும்பாலும் கிடைக்கும். கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் வங்கிக் கணக்கு விவரமும் துணை நிற்கும். நகை அடகு வைத்த சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அந்த வட்டி தனித் தலைப்பாகக் கிடைக்காது என்றாலும், சிகிச்சை நடந்த நாள்களில் உங்களுக்குப் பணம் எப்படி வந்தது என்பதை அந்தச் சீட்டு காட்டும்.

இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, விபத்து நாள் முதல் தேதிவாரியாக எழுதத் தொடங்குங்கள்: எந்த நாளில் எந்த மருத்துவரிடம் போனீர்கள், முதுநகரிலிருந்து போய்வர ஆட்டோவுக்கு எவ்வளவு, பிசியோதெரபி எத்தனை முறை, வாக்கர் என்ன விலை. மருத்துவரின் சீட்டில் உள்ள தேதியும் உங்கள் நோட்டில் உள்ள பயணமும் பொருந்தி வந்தால், அதற்குத் தனி மதிப்பு உண்டு. நினைவில் இல்லாததை இட்டுக்கட்டி எழுதாதீர்கள். பில் ‘ஏற்பாடு’ செய்து தருவதாக யாரேனும் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு போலி ரசீது பிடிபட்டால், உண்மையான 1,20,000 ரூபாய் பில்லும் சந்தேகத்துக்கு ஆளாகும். மருந்துக் கடைப் பில்களின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், உடனே நகல் எடுத்து மூலத்தோடு சேர்த்து வையுங்கள். முதல் தகவல் அறிக்கை, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படங்கள் ஆகிய யாவும் ஒரே பையில் இருக்கட்டும்.

நீங்கள் வேலையை விட்டுத் தாயாரைப் பார்த்துக்கொண்டதையும் உதவியாளர் செலவு என்ற தலைப்பில் கேளுங்கள். ஆள் வைக்காமல் மகளே பார்த்துக்கொண்டார் என்பதற்காக அந்த உழைப்புக்கு மதிப்பில்லாமல் போவதில்லை. துணிக்கடையிலிருந்து சம்பளச் சான்று ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள். பிளேட்டைப் பிற்பாடு எடுக்க வேண்டியிருக்குமானால், அதற்கு ஆகும் தொகையை அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அது எதிர்கால மருத்துவச் செலவில் சேரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை வேறோர் இடத்தில் இருக்கக்கூடும். தாயாரால் இனிக் கூடையைத் தலையில் ஏற்றி நடக்க முடியுமா, குந்தி உட்கார்ந்து மீன் அரிய முடியுமா? மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதம் ஒன்று. அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பது வேறொன்று. மேலே சொன்ன தீர்ப்பு இந்த வேறுபாட்டைத்தான் விரிவாக விளக்குகிறது. மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்குச் சிறிய இடையூறாக முடியும் கால் காயம், தெருத்தெருவாக நடப்பவருக்குப் பிழைப்பையே பறித்துவிடும். ஆகவே செலவுக் கணக்கோடு நின்றுவிடாமல், அவர் எத்தனை மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போனார், எந்தத் தெருக்களில் விற்றார், நாளுக்கு என்ன மிஞ்சியது என்பதையும் மனுவில் சொல்லுங்கள். கூட விற்கும் ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தால் நல்லது.

வேனின் காப்பீட்டு நிறுவனம் 164-ஆம் பிரிவின்கீழ் 2,50,000 ரூபாய் தர முன்வரலாம். எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கிடைக்கும் தொகை அது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவு மனு அத்தோடு முடிந்துவிடும். தாயாரின் ஊனம் எவ்வளவு என்று தெரியாமல் இதில் அவசரப்பட வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

கேள்வி: ரெட்டிச்சாவடி அருகே என் தம்பியை இடித்த கார் நிற்காமல் போய்விட்டது. கை எலும்பு முறிந்துள்ளது. வண்டி எண் தெரியாத நிலையில் செலவை யாரிடம் கேட்பது?
— வாசகர், பாகூர்

பதில்: அடையாளம் தெரியாத வாகனம் மோதிக் கொடுங்காயம் ஏற்பட்டால் 50,000 ரூபாய் வழங்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு வழி செய்கிறது, விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறையிடம், அதாவது கடலூர் வட்டாட்சியர் அலுவலகத்தில், முதல் தகவல் அறிக்கை நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் புதுச்சேரிக்காரர் என்றாலும் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருப்பதால், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டும். அத்திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தும் அந்த நேரத்துச் சிகிச்சைக்குப் பணம் வாங்கியிருந்தால், பில்லோடு மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.