எலும்புக்குள் உலோகமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "கால்சியம் ஓர் உலோகம்" என்கிறாள். அப்படியானால் பால் ஏன் மின்னவில்லை? எலும்பில் காந்தம் ஒட்டுமா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: மகள் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் அந்த உலோகத்தைத் தனியாகப் பார்த்தவர்கள் குறைவு. 1808-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் வரை அதை யாரும் கண்டதில்லை. நான் வேதியியல் ஆசிரியராக இருந்தபோது ஆய்வகத்தில் ஒரு சின்னக் குப்பியில் சாம்பல் நிறத் துண்டுகளாக இருக்கும். சுரண்டினால் வெள்ளியாய்ப் பளபளக்கும், சீக்கிரமே மங்கிவிடும். தண்ணீரில் போட்டால் முதலில் மூழ்கும். பிறகு ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். தண்ணீர் அரிசி களைந்த நீர் போல வெளுக்கும். அந்த வெண்மை வேறொன்றும் இல்லை, சுண்ணாம்புதான்!

கால்சியம் தன் வெளிவட்டத்து எலக்ட்ரான்கள் இரண்டையும் மற்றவற்றுக்குக் கொடுத்துவிட்டால் உலோகக் குணம் போய்விடும். பாலிலும் எலும்பிலும் இருப்பது அப்படிக் கொடுத்துவிட்ட கால்சியம். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் பாஸ்பேட்டோடு சேர்ந்திருக்கிறது. காந்தம், உலோகக் கால்சியத்திலேயே ஒட்டாது.

எனக்குப் பிடித்த கால்சியம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்து தொட்டியில் நீற்றுவார். தண்ணீர் ஊற்றியதும் கொதகொதவென்று கொதிக்கும். எங்களைக் கிட்டவே விடமாட்டார். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோவைக் காளவாசலில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நீற்றி வெள்ளையடித்த பிறகு சுவர், காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. வாங்க வாங்க இறுகி, மறுபடியும் கிளிஞ்சலில் இருந்த பொருளாகவே ஆகிவிடுகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

உங்கள் வீட்டில் பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால் மகளோடு சேர்ந்து ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். முட்டை ஓட்டின் மேலும் ஒரு சொட்டு. இரண்டும் ஒரே மாதிரி நுரைக்கும்.