சர்க்கரைவள்ளிக் கிழங்கு: சிப்ஸ் கருகாமல், பொரியல் குழையாமல்

கேள்வி: சர்க்கரைவள்ளிக் கிழங்கில் சிப்ஸ் போட்டால் வெளியே கருத்து, உள்ளே நமத்துப் போகிறது. பொரியல் செய்தால் குழைந்து களியாகிறது. உருளைக்கிழங்குக்குச் செய்கிற அதே முறையில்தான் செய்கிறேன். கட்லெட்டும் எண்ணெயில் உடைந்துவிடுகிறது. என்ன தவறு?

பதில்: உருளைக்கிழங்கு முறையைப் பின்பற்றுவதுதான் தவறு. உருளையில் மாவுச்சத்து மிகுதி, சர்க்கரை மிகக் குறைவு. சர்க்கரைவள்ளியில் பச்சையாக இருக்கும்போதே சர்க்கரை கணிசமாக இருக்கிறது. வேகும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதியும் மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாறிவிடும். சூடான எண்ணெயில் இந்தச் சர்க்கரைதான் முதலில் சிவந்து, பிறகு கருகுகிறது. துண்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுவதற்குள் மேல்புறம் கருத்துவிடுவதால், நிறத்தைப் பார்த்து எடுத்தால் நமத்த சிப்ஸ்தான் கிடைக்கும்.

முதலில் கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். சிப்ஸுக்கும் பொரியலுக்கும் வெள்ளைச் சதை உள்ள, கையில் கனமாக, இறுக்கமாக இருக்கும் புதுக் கிழங்கு ஏற்றது. பறித்துச் சில நாள் இருப்பு வைத்த கிழங்கில் இனிப்பு ஏறியிருக்கும். அதை அவிக்கலாம், பூரணம் கிளறலாம். ஆரஞ்சுச் சதைக் கிழங்கில் ஈரம் அதிகம் என்பதால் சிப்ஸுக்குச் சரிவராது. பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் நடுப்பகுதி கட்டிப்பட்டு, எவ்வளவு வேகவைத்தாலும் மெத்தென்று ஆகாது. காற்றோட்டமான கூடையில், வெயில் படாமல் வைத்தால் போதும். தோலில் சின்னச் சின்ன ஓட்டைகள், வெட்டினால் கறுத்த கோடுகள், கசப்பு நெடி இருந்தால் அது கூன்வண்டு துளைத்த கிழங்கு. கெட்ட பகுதியை மட்டும் சீவிவிட்டுச் சமைப்பது வேண்டாம். கசப்பு சுற்றிலும் பரவியிருக்கும், அந்தக் கசப்புப் பொருள் உடலுக்கும் ஆகாது, வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. முழுக் கிழங்கையும் எறிந்துவிடுங்கள்.

இனி சிப்ஸ். அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, சிப்ஸ் கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். கத்தியால் வெட்டினால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, மெலிந்த பக்கம் முதலில் கருகும். சீவிய உடனே தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் காற்றுப் பட்டுக் கறுக்கும். இருபது நிமிடம் ஊறட்டும். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மேற்பரப்பில் உள்ள மாவும் சர்க்கரையும் இதில் கழுவிப் போகும். பிறகு பருத்தித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்துங்கள். பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.

எண்ணெய் 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சீவலைப் போட்டுப் பாருங்கள்: அடியில் போய், மூன்று நான்கு விநாடி கழித்து மெல்ல மேலே வரவேண்டும். போட்டதும் மேலே எழும்பினால் சூடு அதிகம். மிதமான தீயில், கைப்பிடி அளவாகப் போட்டு, திருப்பிக்கொண்டே இருங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். சலசலப்பு அடங்கி, குமிழி குறைந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். அந்த நேரத்தில் சீவல் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும், கொஞ்சம் வளையக்கூடச் செய்யும். அதைப் பார்த்து மறுபடி எண்ணெயில் போடாதீர்கள். ஆறும்போது இரண்டு மூன்று நிமிடத்தில் மொறுமொறுப்பாகிவிடும். முக்கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் ஆகியவற்றைச் சூடாக இருக்கும்போதே தூவிக் குலுக்குங்கள். முன்கூட்டியே உப்புப் பிசறினால் சீவல் தண்ணீர் விடும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மழைக்காலத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரை ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

விரல் விரலாக வெட்டிப் பொரிப்பது வேறு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, உப்புப் போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் வைத்து வடித்து, முழுவதும் ஆறவிடுங்கள். அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவும் ஒரு மேசைக்கரண்டி சோளமாவும் தூவிப் புரட்டுங்கள். இந்தக் கிழங்கின் தோலும் சதையும் தரமுடியாத மொறுமொறுப்பை அரிசிமாவு தரும். 160 டிகிரியில் ஐந்து நிமிடம் பொரித்து எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, 180 டிகிரியில் ஒரு நிமிடம் மட்டும் மறுபடி பொரியுங்கள்.

பொரியல் குழைவதற்குக் குக்கரும் கரண்டியும்தான் காரணம். கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அகலமான வாணலியில் மஞ்சள்தூள், உப்பு, கொட்டைப்பாக்கு அளவு புளி கரைத்த அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, சிறு தீயில் வேகவையுங்கள். புளிப்பு இருந்தால் காய்கறியின் செல்களைப் பிணைத்து வைக்கும் பெக்டின் எளிதில் கரையாது, துண்டு வடிவம் குலையாமல் நிற்கும், இனிப்பும் தெவிட்டாது. எட்டு நிமிடம் கழித்துக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். நுழையும்போது லேசாகத் தடுத்தால் அடுப்பை அணைத்து, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். மிச்ச வேக்காடு சூட்டிலேயே ஆகிவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, மூன்று காய்ந்த மிளகாய், பத்துச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் வாணலியைக் குலுக்குங்கள். கடைசியில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல். ஆரஞ்சுக் கிழங்கில் செய்தால் இந்த எண்ணெயும் தேங்காயும் அவசியம். அதிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடல் நன்றாக ஏற்கும்.

கட்லெட் உடைவது தண்ணீரால். தோல் சீவித் தண்ணீரில் வேகவைத்த கிழங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தோலோடு இட்லிப் பானையில் ஆவியில் 25 முதல் 30 நிமிடம் அவித்து, சூட்டோடு மசித்து, தட்டில் பரப்பி ஆவி அடங்க ஆறவிடுங்கள். இரண்டு கப் மசியலுக்கு நான்கு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சரியாக இருக்கும். பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி சேர்த்துத் தட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, முழுக எண்ணெய் ஊற்றாமல் தோசைக்கல்லில் மிதமான தீயில் இருபுறமும் போட்டு எடுங்கள். ஒருபுறம் சிவந்து தானாகக் கல்லைவிட்டு எழும்புவதற்கு முன் திருப்பினால் கண்டிப்பாக உடையும்.